வேகமாக வாசிக்காதீர்கள்

ஜணங்!

தகர டப்பாவில் கரண்டிகளைப் போட்டு மாடிப்படியில் உருட்டிவிட்டது போல ஒரு சத்தம். பியானோக்காரி சூடு பட்டவள் போல இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டாள். காலி அரங்கத்தில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த பெண் துணியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தாள்.

பியானோக்காரி இந்தத் தடவை ஒரே ஒரு கட்டையை, தூங்கும் பூனையைத் தொடுவது போலத் தொட்டாள். டிங் என்றது. பக்கத்துக் கட்டையைத் தொட்டாள். அதுவும் டிங். நேற்று வரை ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த பியானோ, ஒரே ராத்திரியில் பாத்திரக்கடையாகியிருந்தது.

மேடை ஓரத்தில் அவள் கொழுந்தன் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, பிரிக்கட்டும் என்று காத்திருப்பவனின் முகம்.

"எப்படி அண்ணி? அப்படியே பழைய படத்துல வர்ற பியானோ மாதிரி இல்ல?"

கணவரின் தம்பியான இவன்தான் அந்த அரங்கத்தின் மேனேஜர். வீட்டில் எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் யோசிப்பதற்கு முன்பே செய்து முடித்துவிடுகிறவன் என்பதால் அந்தப் பெயர்.

அவள் எழுந்து பியானோவின் முன்பலகையைக் கழற்றினாள். உள்ளே கம்பிகளைத் தட்டும் சின்னச் சின்னக் கம்பளிச் சுத்தியல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பித்தளைப் பொட்டு மின்னியது. நோட்டீஸ் போர்டில் காகிதம் குத்துகிற பின். ஒன்றல்ல, இரண்டல்ல, எண்பத்தெட்டு சுத்தியலுக்கும்.

"இத்தனையையும் நீயா குத்தினே?"

"பின்னே? எங்கேயோ படிச்சேன், சுத்தியல்ல பின் குத்தினா நூறு வருஷத்துப் பழைய சத்தம் வரும்னு. உங்களுக்குத் தெரியாம செய்யணும்னு ஒத்தை ஆளா உட்கார்ந்து குத்தினேன். கட்டைவிரலைப் பாருங்க" என்று வீங்கிய விரலை நீட்டினான். பிளாஸ்திரி வேறு ஒட்டியிருந்தது.

அந்த விரலைப் பார்த்த பிறகு திட்டவும் வாய் வரவில்லை. அவள் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் அவளுடைய முதல் கச்சேரி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு நடனப் பள்ளியில் பியானோ வாசிக்கிறாள். பிள்ளைகள் காலைத் தூக்கினால் வாசிக்க வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். அவளுக்காக யாரும் டிக்கெட் வாங்கியதில்லை. இன்றைக்கு முதல் முறையாக வாசல் போர்டில் அவள் படம் இருந்தது. அரங்கத்தில் மாதாமாதம் முதல் சனிக்கிழமை நடக்கும் நிகழ்ச்சிக்கு இடம் காலியாகியிருந்தது. அதை இவளுக்குக் கொடுப்பதா, புறாவை வைத்து வித்தை காட்டுகிற மந்திரவாதிக்குக் கொடுப்பதா என்று கமிட்டித் தலைவி இன்று வந்து பார்த்து முடிவு செய்யப்போகிறார்.

அந்த அம்மாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடையைப் பார்க்கமாட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜனங்களின் பின்கழுத்தைப் பார்ப்பார். கழுத்துகள் போனைப் பார்த்துக் குனிய ஆரம்பித்தால், மேடையில் இருப்பவரின் கதை முடிந்தது.

பியானோக்காரி வாசிப்பது ராக்டைம். நூறு வருஷத்துக்கும் முன்னால் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய பியானோ இசை. அதில் இடது கை வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவரைப் போலச் சீராக நடக்கும். வலது கை அந்த நடைக்கு நடுவே புகுந்து, வரவேண்டிய இடத்தில் வராமல், எதிர்பாராத இடத்தில் எட்டிப் பார்த்துக் கண்ணாமூச்சி ஆடும். அந்தக் கண்ணாமூச்சிதான் அதன் ருசி. ஓட்டமாக ஓடினால் ஒளிந்துகொள்ள நேரம் ஏது? அதனால்தான் அந்தக் காலத்து இசைத்தாள்கள் பலவற்றின் தலையிலேயே 'வேகமாக வாசிக்காதீர்கள்' என்று அச்சடித்திருப்பார்கள்.

கேட்கிறவர்களுக்கு அது தெரியாதே. போன வருஷம் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் இரண்டு பாட்டு வாசித்துப் பார்த்தாள். நிதானமாக வாசித்தபோது எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பதற்றத்தில் வேகம் ஏறியது. உடனே சிரித்துக் கைதட்டினார்கள். முடிந்ததும் ஒருவர் வந்து, திருடனைப் போலீஸ் துரத்துகிற அந்த மியூசிக் நன்றாயிருந்தது என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். அன்று முழுக்க அந்தக் கையை அவளுக்குக் கழுவிக்கொண்டே இருக்கவேண்டும் போலிருந்தது.

எக்ஸ்பிரஸ் இன்றைய போஸ்டரிலும் 'மின்னல் விரல்கள்' என்று போட்டிருந்தான். கேட்டால், மெதுவாக வாசிக்கிறார் என்று போட்டால் யார் வருவார்கள் என்றான். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

முதலில் பின்களை எடுக்க வழி பார்க்க வேண்டும். பியானோவுக்குச் சுதி சேர்க்கிறவருக்குப் போன் போட்டார்கள். அவர் வேறு ஊரில் வேறொரு பியானோவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், செய்தவன் பக்கத்தில் இருக்கிறானா என்று கேட்டார். இருக்கிறான் என்றாள். அப்படியானால் நான் நினைப்பதைச் சொல்லவில்லை என்றார்.

பின்னைச் சாய்த்து இழுத்தால் கம்பளி பிய்ந்துவிடுமாம். தலையைக் கவ்விப் பிடித்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருகி, அசங்காமல் நேராக உருவவேண்டுமாம். அதற்குப் பிறகு அவர் சொன்ன வார்த்தைதான் வழி காட்டியது. பல் பிடுங்குகிற மாதிரி என்றார்.

அண்ணியும் கொழுந்தனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் கணவர் பல் டாக்டர்.

"வேண்டாம், கிளினிக் நேரம்" என்றாள் அவள். சொல்லி முடிப்பதற்குள் எக்ஸ்பிரஸ் போன் பண்ணிவிட்டிருந்தான்.

அவள் தயங்கியதற்கு வேறு காரணமும் இருந்தது. டாக்டருக்கும் இசைக்கும் வெகுதூரம் என்பது அவள் முடிவு. நடனப் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கைதட்டல் கேட்டால்தான் விழிப்பார். கல்யாணமான புதிதில் பியானோவை மாடியறையில், கிளினிக்குக்கு நேர் மேலே வைத்தபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். காலையில் கிளினிக் நடக்கும்போது வாசித்துப் பழகிக்கொள்ளேன், வேறு நேரத்துக்கு மாற்றிவிடாதே என்றார். டிரில் சத்தத்தில் நம் சத்தம் அமுங்கிப்போகட்டும் என்று நினைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கொஞ்சம் வலித்தது. ஆனால் மனுஷர் தங்கமானவர். அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்த வாரம், ஒரு பல்கூடப் பிடுங்காமல் எல்லோரையும் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, மணிக்கொரு தரம் மாடிக்கு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். என் மேல் உயிரையே வைத்திருக்கிறார் என்று அவள் அதைச் சொந்தக்காரர்களிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எல்லாம் ஒருசேர ஒரே ஆளிடம் கிடைக்குமா?

டாக்டர் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தார். கிளினிக்கை ஜூனியரிடம் விட்டுவிட்டு வந்தாராம். நெற்றியில் விளக்கு, கையில் கருவிப் பை. பியானோவின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து வலிக்குது?" என்று பியானோவைக் கேட்டார்.

"நேத்து ராத்திரியிலேர்ந்து டாக்டர்" என்றான் எக்ஸ்பிரஸ்.

"நீ பேசாதே. உன் கடவாய்ப் பல்லு ஒண்ணு ரொம்ப நாளா பாக்கி இருக்கு. அத இன்னைக்கே எடுத்துடுவேன்."

எக்ஸ்பிரஸ் வாயை மூடிக்கொண்டு தள்ளி நின்றான்.

வேலை ஆரம்பமானது. பியானோக்காரி நர்ஸ் போல டார்ச் பிடித்தாள். டாக்டர் இடது கையால் சுத்தியலை அணைத்துப் பிடிப்பார். வலது கையில் இடுக்கி. ஒரு பக்கம் திருகல், மறு பக்கம் திருகல், ஒரு சின்ன நிதானம், நேராக ஓர் இழுப்பு. பின் எவர்சில்வர் கிண்ணத்தில் டங்கென்று விழும். அடுத்தது. திருகல், திருகல், நிதானம், டங். அவசரமும் இல்லை, சுணக்கமும் இல்லை. வலது கால் மட்டும் தரையை லேசாக அழுத்திக்கொண்டே இருந்தது. எப்போதும் டிரில்லின் மிதியை அழுத்துகிற கால், பழக்கதோஷம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கிண்ணம் நிறைய நிறைய அவளுக்கு மனசு லேசானது. லேசானதும் உள்ளே இருந்தது வாயில் வந்துவிட்டது. இன்றைக்கு வேகமாகவே வாசித்துவிடப்போகிறேன் என்றாள். சரியான நடையில் வாசித்து எல்லோரும் போனை நோண்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்றும், முதல் சனிக்கிழமை கிடைத்த பிறகு மெல்ல மெல்ல நிதானத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றும் சொன்னாள்.

டாக்டரின் கை ஒரு சுத்தியலில் நின்றது. என்னவோ சொல்லப்போகிறவர் போல நிமிர்ந்தார். நெற்றி விளக்கு அவள் முகத்தில் அடித்தது. பிறகு குனிந்து அடுத்த பின்னைக் கவ்வினார்.

கடைசிப் பின் விழுந்ததும் அவள் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தாள். வழக்கமாக அந்தப் பியானோவின் குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். இப்போது வெல்வெட்டுத் துணி போர்த்தியது போலக் கேட்டது. மறுபடி சுதிக்காரருக்குப் போன் போனது. ஊசி பட்ட கம்பளி இளகிக் கொடுக்கும், அதனால் சத்தமும் இளகியிருக்கிறது என்றார். அந்தப் பியானோவுக்கு ஊசி போடவேண்டும் என்று ரொம்ப நாளாகக் கமிட்டியிடம் கேட்டு வந்தாராம். ஒரு முட்டாள் அதை இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. எக்ஸ்பிரஸ் தன் கட்டைவிரலைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டான்.

மாலை அரங்கம் நிறைந்தது. மின்னல் விரல்களைப் பார்க்க வந்த கூட்டம். கமிட்டித் தலைவி கடைசி வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கழுத்துகளுக்குத் தயாரானார். டாக்டர் கோட்டைக் கழற்றிவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்து, விளக்கு அணைவதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார்.

பியானோக்காரி மேடைக்கு வந்து வணங்கி, உட்கார்ந்து, ஒரே மூச்சில் ஓட்டமெடுத்தாள்.

பாதிப் பாட்டு போவதற்குள் யாரோ தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள். பத்துப் பேர் சேர்ந்தார்கள். பிறகு அரங்கமே தட்டியது. கூட்டமாகக் கைதட்டினால் தட்டல் தானாக ஓடும், சரிவில் இறங்குகிற சைக்கிள் மாதிரி. அவளும் கூடவே ஓடினாள். இடது கை ஓடியது, வலது கை இன்னும் ஓடியது. கண்ணாமூச்சி ஆடவேண்டிய ஸ்வரங்கள் எல்லாம் பஸ் பிடிக்கிறவர்கள் போல இடித்துப் பிடித்துக்கொண்டு ஏறின. முடிந்ததும் விசில்.

இரண்டாவது பாட்டில் அவள் ஆரம்பிக்கும் முன்பே கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. இப்போது வேகத்தை வைப்பது அவள் இல்லை, அவர்கள். அவளுக்குப் பிடித்த இடம் ஒன்று அந்தப் பாட்டில் உண்டு. வலது கை ஒரு ஸ்வரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டு, கேட்பவர் தேடி முடிப்பதற்குள் பின்னாலிருந்து தோளைத் தட்டும். அந்த இடம் எப்போது வந்தது, எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. ரயில் ஜன்னலில் சொந்த வீடு கடந்து போனது போலிருந்தது.

பலத்த கைதட்டலுக்கு நடுவில் அவள் எழுந்து வணங்கினாள். எக்ஸ்பிரஸ் பக்கவாட்டில் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினான். கழுத்து ஒன்றும் குனியவில்லை. சனிக்கிழமை கிடைத்துவிடும் போலத்தான் இருந்தது. ஹோட்டலில் கைகுலுக்கிய மனிதரின் கை ஞாபகத்துக்கு வந்தது. இனி மாதத்துக்கு ஒரு முறை முந்நூறு பேர் அப்படிக் கைகுலுக்குவார்கள்.

மூன்றாவது பாட்டுக்கு உட்காரும்போது பார்வை தற்செயலாகக் கீழே போனது. முதல் வரிசையில் டாக்டரின் கண்கள் மூடியிருந்தன. கைகள் மடியில் கிடந்தன. அந்த அரங்கத்தில் கைதட்டாதவர் அவர் ஒருவர்தான். ஆனால் வலது காலணி தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தல், விடுதல். அழுத்தல், விடுதல்.

சுற்றிலும் கைதட்டல் குதிரையாகப் பாய்கிறது. அந்தக் கால் மட்டும் அதைச் சட்டையே செய்யவில்லை. அவளுக்குத் தெரிந்த நடை அது. மாடியறையில், ஜன்னலோரம், தினமும் காலையில் அவள் வாசிக்கிற அதே நடை. ஒரு இம்மி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கைதட்டல் தடுமாறி ஓய்ந்தது. பிறகு அந்தக் காலணியின் நடையிலேயே இடது கையைக் கட்டைகளின் மேல் எடுத்து வைத்தாள்.

ஜனங்கள் விடவில்லை. மறுபடி தட்டினார்கள். தட்டல் வழக்கம் போல ஓடியது. அவள் ஓடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கைதட்டல் பாட்டை விட்டு எங்கேயோ முன்னால் போய் நின்று, நண்பர்கள் வரக் காணோமே என்று திரும்பிப் பார்க்கிறவர்கள் போலத் தவித்தது. வலது கை ஒரு ஸ்வரத்தை மறைத்தது. தட்டிய கைகள் வெறும் இடத்தில் தட்டி ஏமாந்தன. யாரோ சிரித்தார்கள். இன்னொரு தடவை ஏமாந்தார்கள். இப்போது அரங்கமே சிரித்தது. பியானோவைப் பார்த்து அல்ல, தங்களைப் பார்த்தே சிரித்தார்கள்.

பிறகு கைகள் இறங்கின. இளகிய பியானோ மெதுவாகப் பேச, அந்தத் திருட்டு ஸ்வரம் எங்கிருந்து வரும் என்று ஒவ்வொருவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். வந்தபோதெல்லாம் தோள்கள் தாமாக ஒரு குலுங்கு குலுங்கின. அதற்குப் பிறகு வாசித்த எல்லாப் பாட்டும் அதே நடையில்தான்.

முடிந்ததும் கமிட்டித் தலைவி மேடைக்கே வந்தார்.

"முதல் ரெண்டு பாட்டுல ஜனங்க அவங்க கைதட்டலத்தான் கேட்டாங்க. மூணாவதுலேர்ந்து உங்களைக் கேட்டாங்க. அடுத்த மாசம் மூணாவதுலேர்ந்தே ஆரம்பிச்சிடுங்கம்மா."

புறா என்று எக்ஸ்பிரஸ் இழுத்தான். புறா வேறு சனிக்கிழமை பறக்கட்டும் என்றுவிட்டுப் போனார் அந்த அம்மாள். அவர் படியிறங்குவதற்குள் எக்ஸ்பிரஸ் புதுப் போஸ்டருக்கு வாசகம் சொல்ல ஆரம்பித்துவிட்டான். 'ஆமை விரல்கள்' என்றதும் அண்ணி இசைத்தாளைச் சுருட்டி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

காலி மேடையில் டாக்டர் முன்பலகையை மாட்டிக்கொண்டிருந்தார். பியானோக்காரி பக்கத்தில் போய் நின்றாள்.

"தூங்குறீங்கன்னு நெனச்சேன்."

"தூங்கத்தான் பார்த்தேன். நீ ஓடின ஓட்டத்துல கால் ஒத்துக்கல."

"அந்த நடை உங்களுக்கு எப்படித் தெரியும்? டிரில் சத்தத்துல என் பியானோ கேக்கக்கூடாதுன்னுதானே கிளினிக் நேரத்துல வாசிக்கச் சொன்னீங்க?"

டாக்டர் பலகையின் கடைசித் திருகை முடுக்கினார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், ஒரு சின்ன நிதானம். பிறகு, தன் ரகசியம் ஒன்று கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது போல, அவளைப் பார்க்காமலே கேட்டார்:

"உனக்குக் காய்ச்சல் வந்து நீ வாசிக்காத அந்த வாரம், நான் ஏன் ஒரு பல்லுகூடப் பிடுங்கலைன்னு நெனச்சே?"